சும்மா எழுதித் தரச் சொல்லும் ஊரில் எழுத்தைத் தொழிலாக நடத்துவது எப்படி

"மனே, ஒரு பக்கந்தானே, சும்மா எழுதித் தாவன்." கல்லடியில் வீட்டிலிருந்தபடி எழுதிப் பிழைக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரமும் கழிந்ததில்லை. கேட்டவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். கதவு செய்யும் தச்சருக்கும் திருவிழாவுக்கு மேளம் வாசிக்க வருபவருக்கும் கூலி பேசாமல் வேலை சொல்ல அவர்களுக்கு மனம் வராது. எழுத்து மட்டும் படித்தவர் ஊருக்குச் செய்ய வேண்டிய உபகாரம் என்று எங்கள் பகுதியில் நெடுங்காலமாக எண்ணப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே மட்டக்களப்பிலோ அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலோ இத்தொழிலுக்கு வருபவர், நடையையும் சொல்வளத்தையும் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பாக, வேலை தொடங்குமுன்னரே அதன் எல்லையையும் விலையையும் கூச்சமின்றிப் பேசப் பழகிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்படுவன பெரும்பாலும் அந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

வேலை எங்கே இருக்கிறது

எழுத்து வேலைக்கு இங்கே விளம்பரம் வருவதில்லை, வாய்வழியாகவே வருகிறது. ஆலயக் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், ஓய்வுபெறும் அதிபருக்கான சேவை நலன் பாராட்டு மலர், 31ஆம் நாள் நினைவு மலர் என்று மலர்களே முதலிடத்தில் நிற்கின்றன. இவற்றில் பாடசாலை மலரை மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டுத் தேடிப் போகலாம். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலும், புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தொடங்கப்பட்ட நகரம் இது; 1929இல் சுவாமி விபுலாநந்தர் தொடங்கிய கல்லடி சிவானந்தா வித்தியாலயத்துக்கு 2029இல் நூறு வயதாகிறது. இப்படி உங்கள் சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் தொடக்க ஆண்டுகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, நிறைவு ஆண்டுக்கு இரண்டு வருடம் முன்பாகவே அதிபரையும் பழைய மாணவர் சங்கத்தையும் சந்தியுங்கள். விழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது போனால் வேலை கிடைக்கும்; ஆனால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அரச சார்பற்ற நிறுவனங்கள் பல தங்கள் ஆண்டுக் கணக்கை டிசம்பரில் முடிப்பதால், அறிக்கைகளும் பயனாளிகளின் கதைகளும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஒரேயடியாக வந்து குவியும். வடகீழ்ப் பருவமழையும் அதே மாதங்களில்தான் கொட்டும் என்பதால், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் எடுக்க வேண்டிய நேர்காணல்களை ஒக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது. பொத்துவில் அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பருவம் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை நீடிக்கும். அங்குள்ள விடுதிக்காரருக்கு இணையத்தள வாசகம் எழுதிக் கொடுப்பதானால், பொங்கல் கழிந்த கையோடு போய்ப் பேசிவிட வேண்டும்.

கடைகளுக்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் எழுதுவதைப் பலர் தாழ்வாக நினைக்கிறார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். மருதமுனைக் கைத்தறி நெசவாளர் ஒருவர் இணையத்தில் சேலை விற்பதற்காக என்னிடம் ஒரு வாசகத்தைத் தந்து திருத்தச் சொன்னார்: "பாரம்பரியமும் தரமும் அழகும் ஒருங்கே அமைந்த கைத்தறிச் சேலை." அதில் திருத்துவதற்கு எழுத்துப்பிழை எதுவும் இல்லை, ஆனால் உலகத்திலுள்ள எந்தச் சேலையின் படத்துக்குக் கீழும் அதைப் போடலாம். நான் கல்முனை பஸ்ஸில் போய் இறங்கி, அவருடைய தறிக்குப் பக்கத்தில் ஒரு முற்பகல் இருந்தேன். அங்கிருந்த நேரத்தில் அவருக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, சாயம் போகுமா, தோய்த்தால் சுருங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கானவை. ஆகவே புதிய வாசகத்தில் சேலையின் நீளம், நூலின் தடிப்பு, ஒரு சேலை தறியிலிருந்து இறங்க எடுக்கும் நாட்கள் ஆகியவற்றுடன், முதல் மூன்று தடவை உப்பிட்ட குளிர்ந்த நீரில் தனியாகத் தோய்க்க வேண்டும் என்பதையும் எழுதினேன். 'பாரம்பரியம்' என்ற சொல்லை ஓரிடத்திலும் வைக்கவில்லை. விற்பனைக்கு எழுதும்போது, வாங்குபவர் தொலைபேசியில் என்ன கேட்கிறார் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வாசகத்தில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

கனடா, ஐக்கிய இராச்சியம், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலுள்ள மொழிபெயர்ப்பு முகவரகங்கள் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களுக்கு இலங்கைத் தமிழ் வேண்டும் என்று குறிப்பிட்டே கேட்பதுண்டு. வைத்தியசாலையை மருத்துவமனையாகவும், தாதியைச் செவிலியராகவும், பாடசாலையைப் பள்ளிக்கூடமாகவும் மாற்றாமல் ஒரே சீராக எழுதினால், அந்த வேலை திரும்பத் திரும்ப வரும். ஆனால் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் போன்றவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் தொடாதீர்கள். அயலவர் கெஞ்சினாலும் அப்படிப் பதிவு பெற்ற ஒருவரிடம் அனுப்பிவிடுங்கள். இயந்திரம் மொழிபெயர்த்த பிரதியை "சும்மா ஒருக்காப் பார்த்துத் தாங்க" என்று அனுப்புவோரும் இப்போது பெருகிவிட்டார்கள். ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்த்து, எடுத்த நேரத்தைக் கணக்கிட்ட பிறகே விலை சொல்லுங்கள். பல வேளைகளில் புதிதாக எழுதும் நேரமே அதற்கும் ஆகிறது.

விலையைக் கணக்கிடுதல்

மற்றவர் என்ன வாங்குகிறார் என்று விசாரிப்பதை விட, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. ஓர் உதாரணத்துக்கு, வீட்டுச் செலவுக்கு மாதம் 90,000 ரூபா தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 20 நாள் வேலை செய்தாலும், தொலைபேசியும் அலைச்சலும் போக, கட்டணம் கேட்கத்தக்க எழுத்து நேரம் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலத்தைத் தாண்டாது. ஆக 80 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு 1,125 ரூபா. இத்துடன் கணக்கு முடிவதில்லை. அலுவலகத்தில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும்போது, தொழில் தருநர் அதற்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தன் பங்காகச் செலுத்துகிறார். உங்களுக்கு அப்படிச் செலுத்த ஒருவரும் இல்லை. காய்ச்சலில் படுத்த நாளுக்கும், மடிக்கணினியின் பற்றரி மாற்றுவதற்கும் கூட நீங்களே பொறுப்பு. அவற்றையெல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு 1,500 என்று வைத்தால், நேர்காணலும் திருத்தமுமாக எட்டு மணித்தியாலம் எடுக்கும் ஒரு கட்டுரைக்கு 12,000 ரூபா கேட்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையை முதல் தடவை சொல்லும்போது நாக்குப் புரளாது. கண்ணாடிக்கு முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நினைவு மலர் மட்டும் விதிவிலக்கு. மரண வீட்டில் விலை பேசுவது சரியல்ல. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு, வீட்டார் அல்லாத உறவினர் ஒருவரிடம் தனியாகச் சொல்லலாம். நெருங்கிய உறவாக இருந்தால் இலவசமாகவே எழுதிக் கொடுத்துவிடுவேன். வருடத்தில் எத்தனை வேலையை இப்படி இலவசமாகச் செய்வது என்று தை மாதத்திலேயே முடிவு செய்து வைத்துக்கொண்டால், மற்றவர்களிடம் இல்லை என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. என் எண்ணிக்கை நான்கு.

வாட்ஸ்அப்பில் ஓர் ஒப்பந்தம்

முத்திரை ஒட்டிய ஒப்பந்தத்தை நீட்டினால் எங்கள் ஊரில் மனத்தாங்கல் வரும். அதற்குப் பதிலாக, பேச்சு முடிந்த அன்றிரவே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அதற்கு எழுத்தில் சம்மதம் பெறுங்கள். நான் அனுப்புவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம் ஐயா. இன்று பேசியபடி ஆலய வரலாற்றுக் கட்டுரை 1,500 சொற்கள் அளவில் எழுதித் தருகிறேன். கட்டணம் 12,000 ரூபா. அரைவாசி தொடங்கும்போதும், மீதி இறுதிப் பிரதி தரும்போதும். இரண்டு தடவை திருத்தம் இதற்குள் அடங்கும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் 1,500 ரூபா. திருத்தங்களை எல்லாரிடமிருந்தும் சேர்த்து ஒருவரே எனக்கு அனுப்ப வேண்டும். அவருடைய பெயரைத் தெரிவியுங்கள். முதற்பிரதி ஆனி 15ஆம் திகதி கிடைக்கும். சம்மதமானால் ஒரு வரி பதில் அனுப்புங்கள்."

இந்தச் செய்தியில் விலையை விடவும் முக்கியமானது, திருத்தங்களை ஒருவரே அனுப்ப வேண்டும் என்ற வரி. அதை நான் கசப்பாகக் கற்றேன். ஒரு மலர்க் குழுவில் ஒன்பது பேர் இருந்தார்கள். வண்ணக்கர் என்னும் ஆலய நிருவாகி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அழைத்துத் திருத்தம் சொன்னார்கள். ஒருவர் சேர்க்கச் சொன்னதை மற்றவர் வெட்டச் சொன்னார். ஏழு தடவை மாற்றி எழுதினேன். கடைசியில், ஆலயத்துக்குக் காணி கொடுத்தது எந்தக் குடியார், அதாவது எந்தத் தாய்வழிக் குலத்தார், என்பதில் இரண்டு கதைகள் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு கதை மட்டும் அச்சாகி வர, மற்றப் பகுதியார் வெளியீட்டு விழா அன்றே கட்டுக்கட்டாக மலரைத் திருப்பி அனுப்பினார்கள். மீதிப் பணத்தைக் கேட்க எனக்கு வாயும் இல்லை, அவர்களுக்குக் கொடுக்க மனமும் இல்லை. அதன் பின்னர், குடி, மரியாதை, காணி ஆகிய மூன்றும் வருகிற வாக்கியங்களைத் தனியே ஒரு தாளில் எடுத்து, குழுவினர் எல்லாரும் ஒன்றாக இருக்கும் கூட்டத்தில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குகிறேன். இரண்டு கதைகள் இருந்தால், இரண்டையும் 'என்பர்' போட்டு எழுதிவிடுகிறேன்.

தகவல் திரட்டுதல்

பாடசாலையின் லொக் புத்தகம் இருந்தால் அதிர்ஷ்டம். அதிபர்களின் வருகை, கட்டடங்கள், விடுமுறைகள் எல்லாம் திகதியுடன் அதில் இருக்கும். ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியிலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையிலும், இடையில் நேர்ந்த இடப்பெயர்வுகளிலும் கரையோரப் பாடசாலைகள் பலவற்றின் பதிவேடுகள் அழிந்துபோயின. அங்கே பழைய மாணவர்களின் நினைவுதான் ஆவணம். எண்பது வயதுக்காரரிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் தடுமாறுவார். "சூறாவளிக்கு முன்னமா, பின்னமா?" என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று சொல்லிவிடுவார். அங்கிருந்து கணக்கிட்டுக் கொண்டு வந்து, இன்னொருவரின் நினைவுடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பெயர்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். முதலெழுத்து சி. என்பதும் சீ. என்பதும் வெவ்வேறு தகப்பன்மார். காலமானவர்களை எங்கே அமரர் என்பது, எங்கே மர்ஹூம் என்பது, பட்டங்களை எந்த ஒழுங்கில் இடுவது ஆகியவற்றை வீட்டாரிடமே எழுதி வாங்குங்கள். பிறந்த திகதி பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும் அடையாள அட்டையில் வேறொன்றாகவும் இருந்தால், எதை இடுவது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

அச்சகத்தில் நடப்பது

எழுதி அனுப்பியதும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள், இறுதி மலரைக் கையில் வாங்கும்போது தலையில் கை வைப்பார்கள். நாம் யூனிகோட்டில் எழுதுகிறோம். எங்கள் பகுதி அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறார்கள். பாமினியில் காற்புள்ளி விசை இருக்கும் இடத்தில் 'இ' என்ற எழுத்து இருக்கிறது. யூனிகோட்டிலிருந்து பாமினிக்கு மாற்றும்போது கவனிக்காமல் விட்டால், கட்டுரையிலுள்ள காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகிவிடும். "கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி" என்று நீங்கள் எழுதியது "கல்லடிஇ காத்தான்குடிஇ ஆரையம்பதி" என்று அச்சாகும். அரைப்புள்ளி இருந்த இடத்தில் வெறும் புள்ளி ஒன்று தொங்கும். மின்னஞ்சல் முகவரி போன்ற ஆங்கில எழுத்துகள் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாக மாறும். ஆகவே வேர்ட் கோப்புடன் பிடிஎஃப் பிரதியையும் கட்டாயம் அனுப்புங்கள். புரூப் வந்ததும் முதல் வேலையாகக் காற்புள்ளிகளைத் தேடுங்கள். பெயர்ப் பட்டியலை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் மூலப் பிரதியைப் பார்த்துச் சரிபார்ப்பதே நம்பத்தக்க முறை. நடுவில் கம்பி அடிக்கும் மலரில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் கூட்டவோ குறைக்கவோ சொல்வார்கள். எங்கே வெட்டலாம் என்பதை முன்கூட்டியே பென்சிலால் குறித்து வைத்திருந்தால், அச்சகத்தில் யாரோ ஒருவர் உங்கள் கட்டுரையை வெட்டுவதைத் தவிர்க்கலாம்.

நாளை ஒழுங்குபடுத்துதல்

"வீட்டதானே மனே இரிக்கா, மறுகா எழுதலாம்" என்று சொல்லி, அடகு நகை மீட்க வங்கிக்குத் துணைக்கு அழைக்கும் பெரியம்மா எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருடன் வாதிட்டு வெல்ல முடியாது. நான் அதிகாலை நான்கரை முதல் எட்டு வரை எழுதிவிட்டு, மீதி நாளை உலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். பிற்பகலில் தட்டச்சு, திருத்தம், தொலைபேசி. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; முதல் நாள் இரவே மடிக்கணினியையும் தொலைபேசியையும் முழுமையாகச் சார்ஜ் செய்து, எழுதிய கோப்பை மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி வைத்துவிடுங்கள்.

பணமும் வரியும்

சொந்தப் பெயரிலேயே எழுதுவதானால் வியாபாரப் பெயர்ப் பதிவு தேவையில்லை. 'இன்ன எழுத்தகம்' என்று பெயர் வைத்தால், கிராம உத்தியோகத்தரின் அறிக்கையுடன் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். நிறுவனங்கள் விலைமனு கேட்கும்போது அந்தப் பதிவு கைகொடுக்கும். வெளிநாட்டுப் பணத்தை வைஸ், பேயோனியர் போன்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவைகள் ஊடாக உள்ளூர் வங்கிக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். எந்த வழியில் எவ்வளவு கழிவு போகிறது என்பதை முதல் சிறு தொகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை இப்போதே எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் தனிநபருக்கான வரி விலக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபா. அதற்கு மேல் வரும் முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 வீதம், அதன் பின் 18 வீதத்திலிருந்து படிப்படியாக 36 வீதம் வரை. வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்காக வங்கி ஊடாக வெளிநாட்டு நாணயத்தில் வரும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15. முன்னே சொன்ன 90,000 ரூபாக் கணக்கில் ஆண்டு வருமானம் 1,080,000 என்பதால் வரி வராது. ஆனால் பற்றுச்சீட்டுகள் இல்லாவிட்டால் அதை நிரூபிக்கவும் முடியாது. வரி வருமளவுக்கு உழைப்பவர் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணைப் பணமும், நவம்பர் 30ஆம் திகதிக்குள் வருடாந்த விவரத்திரட்டும் கொடுக்க வேண்டும். சுயதொழில் செய்பவருக்கான ஓய்வூதியத் திட்டங்களைச் சமூகப் பாதுகாப்புச் சபை நடத்துகிறது. பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளிலேயே அதையும் விசாரித்துவிடலாம்.

மீதிப் பணம் வராமல் இழுபட்டால், கொடுப்பதாகச் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் கழித்து ஒரு செய்தியும், இரண்டாம் வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். இணையத்தில் பெயர் போட்டுத் திட்டினால் அந்தப் பணமும் வராது, அவர் வழியாக வரவிருந்த அடுத்த வேலையும் வராது. மூன்றாம் வாரத்தில் பொருளாளரின் வீட்டுக்கு நேரில் போங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு, பற்றுச்சீட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். தேநீர் வரும், குடியுங்கள். வயல் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரியுங்கள். கோப்பையைக் கீழே வைத்த பிறகு தொகையைச் சொல்லிவிட்டு, பற்றுச்சீட்டில் திகதியை எழுதத் தொடங்குங்கள்.